தப்பி வந்தவனுக்கு ஒரு டீ

அக்கா மகள் ஒரு நாவல் எழுதப்போகிறாள். நாயகி மும்பை நாளிதழ் ஒன்றின் க்ரைம் ரிப்போர்ட்டர். செம்பூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். நாயகன் ஆயுள் தண்டனைக் கைதி. ஒரு மழை இரவில் தப்பி வந்து அவள் கதவைத் தட்டி, "அந்தக் கொலையை நான் செய்யல" என்கிறான். போலீஸ் துரத்துகிறது, உண்மையான கொலைகாரனும் துரத்துகிறான், ஓட்டத்துக்கு நடுவே காதல். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கூலார் இரானி கடையில் உட்கார்ந்து, ப்ருன் மஸ்காவை டீயில் நனைத்தபடி முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டு, "நம்புற மாதிரி இருக்கா மாமா?" என்று கேட்டாள்.

நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் திகிலை வைத்திருக்கும் இடம் சரியில்லை என்றேன். அவன் பிடிபடுவானா மாட்டானா என்பதில் வைத்திருக்கிறாள். அது முப்பது பக்கம் தாங்கும். இந்தக் கதையின் நிஜமான ஆபத்து அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேள்வி கேட்டே பிழைக்கிற ஒருத்தி, தான் நம்ப ஆசைப்படுகிற ஒருவனிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவாளா? அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இந்தக் கதையை எழுத நினைப்பவர்களும் விரும்பி வாசிப்பவர்களும் இன்னும் பலர் இருப்பார்கள்.

கதை புதிதல்ல, கிட்டத்தட்ட நூறு வயது. 1928இல் பென் ஹெக்ட், சார்ல்ஸ் மெக்கார்தர் என்ற இரண்டு பேர் 'தி ஃப்ரன்ட் பேஜ்' என்று ஒரு நாடகம் எழுதினார்கள். இருவருமே சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். தூக்குக்கு முந்தைய இரவில் ஒரு கைதி தப்பிவிடுகிறான். நிருபர் அவனைப் பத்திரிகையாளர் அறையிலேயே, மூடி போட்ட ஒரு மேசைக்குள் ஒளித்துவைக்கிறார். 1940இல் ஹாவர்ட் ஹாக்ஸ் அதை 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' என்று படமாக்கியபோது அந்த நிருபரைப் பெண்ணாக மாற்றினார். அக்கா மகளின் கதை பிறந்தது அங்கேதான். ஆனால் கவனி என்றேன்: அந்தப் படத்தில் காதல் கைதியோடு இல்லை. நிருபருக்கும் அவளுடைய முன்னாள் கணவனான ஆசிரியருக்கும் நடுவில்தான். கைதி மேசைக்குள் இருக்கிறான்; காதல் மேசைக்கு வெளியே நடக்கிறது.

நம் மாத நாவல்களும் இப்படித்தான். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் ஜோடி ஜோடியாகக் குற்றத்துக்குள் போவார்கள். ரயில் பயணத்தில் அவர்களை வாசித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்த ஜோடிகள் சட்டத்தின் ஒரே பக்கத்தில்தான் நின்றன. குற்றவாளி நடுவில் வந்து போவான்.

நிஜத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1977இல் தில்லி திகார் சிறையில் இருந்த தொடர் கொலையாளி சார்ல்ஸ் சோப்ராஜைப் பேட்டி எடுக்க ரிச்சர்ட் நெவில், ஜூலி கிளார்க் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் வந்தார்கள். பேச்சால் ஆளை வசியம் செய்கிறவர் என்று பெயர் வாங்கியவர் சோப்ராஜ். அவர்கள் எழுதிய புத்தகம் 1979இல் வெளியானது. பின்னாளில் அந்த இருவரும் ஒருவரையொருவர் மணந்துகொண்டார்கள். கொலையாளி எதிரே உட்கார்ந்து பேசினான், கேட்டவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையானார்கள். அந்தப் பேட்டி நாட்களை நினைத்தால் அந்தத் துணை எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சோப்ராஜின் பெயர் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பிப்பது எப்படி என்பது அவளுக்குப் பெரிய கவலை. சுரங்கம், கயிறு, மின்வேலி என்று இரண்டு அத்தியாயம் திட்டமிட்டிருந்தாள். ஆனால் நாம் அறிந்த பெரிய தப்பித்தல்களில் சுவருக்கு வேலையே இருப்பதில்லை. 1986 மார்ச் 16 அன்று சோப்ராஜ் பிறந்தநாள் என்று சொல்லி, மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திகாரின் வாசல் வழியாகவே வெளியேறினார். மூன்று வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, கோவா போர்வோரிமில் ஓ கொகேரோ என்ற உணவகத்தில் பம்பாய் போலீஸ் இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டே அவரைப் பிடித்தார். 1971இலும் சோப்ராஜை பம்பாயில் கைது செய்தவர் இதே ஜெண்டேதான். அந்த உணவகத்தில் பிறகு சிலை வைத்தார்கள், சோப்ராஜுக்கு. கொல்லப்பட்டவர்களின் பெற்றோர் யாராவது அந்தப் பக்கம் போனால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் வரும். இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் அந்தச் சிலையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மும்பைக் கைதிக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆர்தர் ரோடு சிறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். தண்டனை உறுதியானவர்களை எரவாடா, நாசிக், கோலாப்பூர் என்று அனுப்பிவிடுவார்கள். ஆயுள் கைதிக்குச் சில ஆண்டுகள் கழித்து பரோலோ ஃபர்லோவோ கிடைக்கும். வீட்டுக்கு வருவான், உள்ளூர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவான், நாள் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். குண்டுவெடிப்பு வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்ற ஜலீஸ் அன்சாரி, அஜ்மீர் சிறையிலிருந்து 21 நாள் பரோலில் மும்பை அக்ரிபாடா வீட்டுக்கு வந்திருந்தார். கெடு முடிவதற்கு முந்தின நாள், 2020 ஜனவரி 16 காலை, தொழுகைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் கான்பூரில் பிடிபட்டார். சுவர் இல்லை, கயிறு இல்லை, 'வந்துவிடுகிறேன்' என்ற ஒரு சொல்தான். உன் நாயகனையும் பரோலில் கொண்டுவா என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று அவன் கையெழுத்துப் போடவில்லை. அவன் உடைத்தது பூட்டை அல்ல, கொடுத்த வாக்கை. அந்த ஒரு விவரமே நாயகிக்கு முதல் கேள்வியைக் கொடுத்துவிடுகிறது: சிறைக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் எனக்குக் கொடுப்பதை மட்டும் காப்பானா?

எங்கே ஒளிப்பது என்பது அடுத்த கேள்வி. "தாராவிதான் மாமா, வேற எங்க?" என்றாள். வெளியூர் எழுத்தாளர்கள் எல்லோரும் தாராவியில்தான் ஒளிக்கிறார்கள். சந்து குறுகலானது, ஆகவே ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. கோலி எனப்படும் பத்துக்குப் பத்து ஒற்றை அறை வீட்டில் பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் நம் சுவரில் கேட்கும். தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே போகும் எந்தச் சந்திலும் புது முகம் வந்தால், யார் வீட்டுக்கு வந்திருக்கிறது, எந்த ஊர், எத்தனை நாள் தங்கும் என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். 'எந்தூருப்பா, திருநவேலியா?' என்று யாராவது ஒரு ஆச்சி கேட்டே தீருவாள். அங்கே ஒருவன் மறைந்திருக்க வேண்டுமானால் நூறு பேர் தெரிந்தே வாய் மூடியிருக்க வேண்டும். அது பெரிய கதை, ஆனால் வேறு கதை. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் கதவு திறந்தே கிடக்கும். மாமி எட்டிப் பார்ப்பாள். ஒருவன் உண்மையிலேயே காணாமல்போகக்கூடிய இடம் செம்பூரிலும் அதைத் தாண்டியும் எழும்பியிருக்கும் உயரமான கட்டடங்கள். அங்கேதான் எதிர் ஃப்ளாட்காரர் பெயர் தெரியாது. ஆனால் கீழே செக்யூரிட்டியின் நோட்டில் பெயரும் நேரமும் எழுதாமல் யாரும் மேலே போக முடியாது. அந்த நோட்டும் லிஃப்ட் கேமராவும் உன் நாவலில் வர வேண்டும்.

பம்பாய்க்கு வந்து ஒளிந்த தப்பியோடிகளில் உலகம் அறிந்தவர் கிரெகரி டேவிட் ராபர்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவர். 1980இல் மெல்பர்னின் பென்ட்ரிட்ஜ் சிறைச் சுவரைப் பட்டப்பகலில் தாண்டினார். சுவர் பற்றியும் குடிசைப் பகுதி பற்றியும் மேலே நான் சொன்னதற்கு இவர் விலக்கு. பம்பாயில் கஃப் பரேட் பக்கத்துக் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். அந்த வாழ்வை வைத்து எழுதிய 'சாந்தாராம்' 2003இல் வந்தது. அதில் கவிதா என்று ஒரு பத்திரிகையாளர் பாத்திரம்கூட உண்டு. நாயகன் உருகி உருகிக் காதலிப்பதோ கார்லாவை. மறுபடியும் அதே ஒதுக்கம். தப்பியோடியாகவே வாழ்ந்த ஒருவர் எழுதும்போதும் காதலைப் பத்திரிகையாளரிடம் வைக்கவில்லை.

ஏன் இப்படி எல்லோரும் விலகிப் போகிறார்கள் என்பதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் அவள் இரண்டாவது டீ சொன்னாள். விளக்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

காவலிலிருந்து தப்பியவன் என்று தெரிந்தும், அவன் பிடிபடக்கூடாது என்ற எண்ணத்தோடு அடைக்கலம் கொடுப்பது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 216ஆவது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 253ஆவது பிரிவு. அவன் செய்த குற்றம் மரண தண்டனைக்குரியது என்றால் அடைக்கலம் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை. ஆயுள் அல்லது பத்தாண்டுத் தண்டனைக்குரியது என்றால் மூன்று ஆண்டுவரை. கொலைக்குச் சட்டம் மரண தண்டனையையும் வைத்திருப்பதால், உன் நாயகி ஏழாண்டுக் கணக்கில் வருவாள். அடைக்கலம் என்றால் வீட்டில் பூட்டி வைப்பது மட்டுமல்ல. இடம், உணவு, குடிக்க ஏதாவது, பணம், துணி, வண்டி என்று சட்டம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மழையில் நனைந்து வந்தவனுக்குத் துண்டும் டீயும் கொடுப்பது எந்த வீட்டிலும் நடப்பது. அவன் யார் என்று தெரிந்தபின், அவனைக் காப்பாற்றும் எண்ணத்தில் கொடுக்கும் இரண்டாவது டீ குற்றமாகிவிடும். எண்ணம்தான் கோடு. தேடப்படும் ஒருவனைச் சந்தித்துப் பேட்டி எடுப்பது மட்டும் அடைக்கலம் ஆகாது. பேட்டி முடிந்ததும் அவனை ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் ஆகலாம்.

அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைச் சொன்னதும் அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அடைக்கலம் கொடுத்தவர் தப்பியவரின் கணவனோ மனைவியோ என்றால் இந்தப் பிரிவு பாயாது. புருஷனைக் காட்டிக்கொடு என்று மனைவியிடம் கேட்கச் சட்டத்துக்கு மனமில்லை. இன்னொன்றும் உண்டு. திருமண வாழ்வின்போது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதை நீதிமன்றத்தில் வெளியிடச் சொல்லி வற்புறுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 122, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 128. ஒருவர் மற்றவருக்கு எதிராகவே குற்றம் செய்திருந்தால் இது பொருந்தாது. திருமணத்துக்கு முன் பேசியதற்கும் இந்தக் காப்பு இல்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கும் காப்பு உண்டு. பத்திரிகையாளருக்கு? தன்னிடம் பேசியவர் யார் என்று சொல்ல மறுக்கும் உரிமையை, 1978ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம் பிரஸ் கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறது. சாட்சிக் கூண்டில் அதை நீட்ட முடியாது. நீதிபதிகள் சில வழக்குகளில் தாமாக மதித்திருக்கலாம். எழுதிவைத்த உரிமை இல்லை.

ஆக, அவன் சொன்ன ரகசியத்தை மனைவியாக இருந்தால் காக்கலாம், நிருபராக இருந்தால் காக்க முடியாது. மனைவி ஆகிவிட்டால் காப்பு கிடைக்கும், ஆனால் அவள் எழுதும் செய்தியை யார் நம்புவார்கள்? நிருபராகவே நின்றால் ஊர் நம்பும், கையில் விலங்கு விழும். உன் நாவலின் திகில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, துப்பாக்கியோடு வருகிறவனிடம் இல்லை என்றேன்.

குற்றவாளியின் குரலைப் பத்திரிகைக்குக் கொண்டுவருகிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் இருக்கிறது. ஆட்டோ சங்கர், ஆறு கொலை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டு மதராஸ் மத்தியச் சிறையில் இருந்தபோது 1990 ஆகஸ்டில் தப்பினார். சிறைக்குள் இருந்தவர்களே உதவினார்கள். ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். 1991இல் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை மனைவி மூலம் வக்கீல் பெற்று, 'நக்கீரன்' பத்திரிகை ஆசிரியர் கோபாலிடம் சேர்த்தார். அதில் அதிகாரிகளோடு இருந்த தொடர்புகள் வருகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், அது பொய், வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை ஐ.ஜி. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டியும் சுகாஸ் சி. சென்னும் தீர்ப்பளித்தார்கள். வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை. நீதிமன்ற ஆவணங்களில் உள்ளதைச் சங்கரின் சம்மதம் இல்லாமலேகூட எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் பின்விளைவை ஏற்க வேண்டும். தனியுரிமை என்பது உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கியது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆறு பேரைக் கொன்றவரின் கைப்பிரதி ஒன்று, நம் எல்லோருக்குமான உரிமையை எழுதவைத்தது. சங்கர் 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கோபால் பிறகு வீரப்பன் விவகாரத்தில் காட்டுக்குள் தூது போனார். 2003இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்.

"செம்பூர்ல அப்படி எதுவும் இல்லையா?" என்றாள். இருக்கிறது, அதுதான் எனக்குப் பேசக் கஷ்டமான பகுதி. நிழல் உலக தாதா சோட்டா ராஜன் செம்பூர் திலக் நகர்க்காரர். சஹகார் தியேட்டரில் பிளாக்கில் டிக்கெட் விற்றதில் தொடங்கியவர். 2000 நவம்பரில் பாங்காக்கில் போலீஸ் காவலில் இருந்த மருத்துவமனை அறையிலிருந்து தப்பினார். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள், 2015இல் பாலியில் பிடிபடும்வரை, எங்கிருந்தோ மும்பை நிருபர்களுக்குப் போன் வரும். நிருபர்கள் எடுத்துப் பேசினார்கள். அதுதான் வேலை. 2011 ஜூன் 11 அன்று 'மிட் டே' பத்திரிகையின் மூத்த க்ரைம் நிருபர் ஜே டே பவாயில் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளும் எழுதவிருந்த புத்தகமும்தான் காரணம் என்றது அரசுத் தரப்பு. அந்த நவம்பரில் 'ஏசியன் ஏஜ்' நிருபர் ஜிக்னா வோரா கைதானார். டேயின் பைக் எண்ணையும் முகவரியையும் ராஜனுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ராஜனோடு பேட்டிக்காகப் போனில் பேசியவர் அவர். 2012 ஜூலையில் ஜாமீன் கிடைக்கும்வரை பைகுல்லா சிறையில் இருந்தார். 2018 மே 2 அன்று ராஜன் உட்பட ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்த சிறப்பு நீதிமன்றம், ஜிக்னாவுக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று விடுவித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019இல் அவர் சிறை அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

அவள் பேசாமல் இருந்தாள். நான் சொன்னேன்: ஒரு பெண் நிருபருக்குப் பெரிய ஆள் ஒருவன் போன் செய்தால், அவள் எப்படி அந்த நம்பரைப் பிடித்தாள் என்று ஊர் கேட்பதில்லை; அவளுக்கும் அவனுக்கும் என்ன என்றுதான் கேட்கிறது. உழைத்துச் சேர்த்த சோர்ஸ் ஒரே நாளில் பழியாக மாறியது. உன் கதையில் காதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர் அவளைப் பற்றி அதைத்தான் சொல்லும். அதை எழுதாமல் தாண்டிவிடாதே.

நிஜமாகவே காதலித்த நிருபரும் உண்டு. அமெரிக்காவில் மார்ட்டின் ஷ்க்ரெலி என்ற மருந்துக் கம்பெனி முதலாளி 2015இல் கைதான செய்தியை முதலில் வெளியிட்டவர் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கிறிஸ்டி ஸ்மைத். 2017இல் ஷ்க்ரெலி மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2018இல் ஏழாண்டுத் தண்டனை பெற்றார். ஸ்மைத் சிறைக்குப் போய்ப் பார்க்கத் தொடங்கினார், காதல் ஆனது. வேலையை விட்டார், மண வாழ்வும் முறிந்தது. 2020 டிசம்பரில் இதைத் தானே ஒரு பத்திரிகையில் சொன்னார். அந்தக் கட்டுரை வருகிறது என்று தெரிந்ததும் ஷ்க்ரெலி தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். ஸ்மைத்தைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். நான் கேலி செய்ய மாட்டேன். அவர் முதலில் வேலையை விட்டார் என்பதைப் பார்க்கிறேன். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"அப்ப என் ஹீரோயினும் வேலைய விடணுமா?" வேண்டாம் என்றேன். விட்டால் கதை சாதாரணக் காதல் கதை. அவள் வேலையை விடாமல் காதலிக்க ஒரே வழிதான் இருக்கிறது: அவன் சொல்வதைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பது.

நிரபராதி சிறையில் இருப்பது கற்பனை இல்லை. 2006 ஜூலை 11 அன்று மும்பை லோக்கல் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. இங்கே மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் பக்கத்திலும் ஒன்று. 180க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2015இல் ஐந்து பேருக்கு மரண தண்டனையும் ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தன. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. அதற்குள் ஒருவர் சிறையிலேயே இறந்திருந்தார். சில நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது என்று நிறுத்திவைத்தாலும், வெளியே வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டாம் என்றது. பத்தொன்பது ஆண்டுகள். அவர்களை வெளியே கொண்டுவந்தது ஓட்டம் அல்ல, காகிதம். சிறையில் இருந்தபடியே ஏராளமான தகவல் உரிமை மனுக்கள் போட்டவரும் அவர்களில் ஒருவர்.

ஆகவே உன் நாயகி முதல் இரவிலேயே அவன் கண்களைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. மறுநாள் காலை செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் வழக்கின் தீர்ப்பு நகலைத் தேட வேண்டும். பம்பாய் நீதிமன்றங்களில் ஒவ்வொரு நாள் நடவடிக்கையையும் எழுதிவைக்கும் ரோஸ்நாமா இருக்கும். எந்தச் சாட்சி எந்த நாள் வரவில்லை என்பது அதில் தெரியும். போலீஸ் எழுதும் பஞ்சநாமாவில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட பஞ்ச் யார், அவர் வேறு எத்தனை வழக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு, முக்கியமாக, கொலையானவரின் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வகை நாவல்கள் நிறைய வாசித்திருக்கிறேன். செத்தவரின் வீட்டுக்குப் போகிற நாயகி அதில் அபூர்வம். அந்த வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இரவு செம்பூருக்குத் திரும்பி, கதவைத் திறக்கும் அவன் முகத்தைப் பார்க்கிற காட்சியை எழுது. அவன் 'எங்கே போனாய்' என்று கேட்டால் அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவன் கோபப்பட்டால் ஒரு கதை. 'அவங்க எப்படி இருக்காங்க?' என்று அவன் கேட்டால் காதல் அங்கே தொடங்கும்.

முடிவில் அவன் சரணடைய வேண்டும் என்பதில் அவளுக்கு வருத்தம். விமானம் ஏறி வெளிநாடு போவதாக வைத்திருந்தாள். வெளியே ஒளிந்திருந்த நாட்கள் தண்டனையில் கழிவதில்லை என்று விளக்கினேன். தப்பியபோது மீதி இருந்தது அப்படியே காத்திருக்கும். தப்பியதற்கான தண்டனை, இரண்டு ஆண்டுவரை, பொதுவாக அதன் பிறகுதான் ஓடத் தொடங்கும். ஆனால் சரணடைந்தால் மேல்முறையீட்டு மனுவில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'தலைமறைவு' என்று இருக்காது; அவள் கண்டுபிடித்ததை நீதிபதி காது கொடுத்துக் கேட்பார். ராபர்ட்ஸ்கூட 1990இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிடிபட்டு, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, மீதியை அனுபவித்த பிறகுதான் புத்தகத்தோடு பம்பாய்க்குத் திரும்ப முடிந்தது. சிறையில் எழுதிய கைப்பிரதியைக் காவலர்கள் இரண்டு முறை அழித்தார்கள். மூன்றாம் முறையும் எழுதினார்.

"சரி, கல்யாணம் எங்க வைக்கிறது மாமா? அந்த விலக்கு இருக்கே, ஓடும்போதே தாலி கட்டிட்டா அவ தப்பிச்சிடுவாளே."

சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்ய முடியாது. முப்பது நாள் இரண்டு பேர் பெயரும் அலுவலக நோட்டீஸ் பலகையில் தொங்கும், போலீசே வந்து வாசிக்கும். செட்டா நகர் முருகன் கோயில் பக்கம் எங்காவது மாலை மாற்றிக்கொண்டால் ஒருவேளை முடியும். ஆனால் அப்படிச் செய்தால் அது கல்யாணமா, அவளுக்கான ஜாமீன் மனுவா என்று வாசகருக்குத் தெரியாது; அவர்களுக்கே தெரியாமல் போகும். அவன் சரணடையட்டும். அவள் தன் பெயரில் செய்தியை எழுதட்டும், டீ கொடுத்ததையும் சேர்த்து, அதற்கான வழக்கைச் சந்திக்கட்டும். கைதியின் திருமணத்துக்கு விடுப்பு கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அந்த மனுவைத் தாக்கல் செய்யும் அத்தியாயத்தில் வை என்றேன். அதற்குள் அந்த விலக்கால் அவளுக்கு எந்தப் பயனும் இருக்காது.